ராணி பாக் போகிறவர்களின் பட்டியல்

ராணி பாக் போகிறவர்களின் பட்டியலை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தி எழுதவைக்கவில்லை. நன்றாக எழுதுகிறாய் என்று சொன்னார்கள், எழுதினேன்.

தாராவியில் எங்கள் சந்தில் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. அதற்கு ஒரு சங்கம். எங்கள் சங்கம் என்றுதான் வாயில் வருகிறது. உண்மையில் அது என் கணவரின் ஊர்க்காரர்களுடைய சங்கம். திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரே ஊரிலிருந்து வந்த குடும்பங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை அம்மனுக்குக் கொடைத் திருவிழா நடத்துகிறார்கள். ஊரில் உள்ள மாதிரியே இங்கேயும் தலைக்கட்டு உண்டு. கல்யாணமான ஒரு ஆண் ஒரு தலைக்கட்டு, அவன் பெயருக்கு ஒரு வரி. புருஷன் செத்துப்போனவள் அரை வரி. அவ்வளவுதான் வழக்கம். புருஷன் உயிரோடு இருந்து, ஆனால் கோவண்டியில் இன்னொரு பெண்ணோடு குடியிருந்தால், இங்கே இருக்கிறவள் ஒன்றா அரையா என்று ஊரில் யாரும் சொல்லி வைக்கவில்லை.

அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. போனவர் வீட்டு வாடகையை விட்டார், பள்ளிக்கூடத்தை விட்டார், வரியை மட்டும் விடவில்லை. ஊர்க்காரர்கள் முன்னால் தலை குனியக் கூடாது அல்லவா. அதனால் சங்கத்து நோட்டில் அவர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் என் பெயர், மகள் பெயர். முகவரி எங்கள் அறை. கொடை முடிந்த மறுநாள் வரிக்காரர்களின் வீட்டுக்குப் பிரசாதம் வரும். ஒரு தேங்காய் மூடி, இரண்டு பழம், கொஞ்சம் சந்தனம், இலையில் சர்க்கரைப் பொங்கல். கொண்டுவருகிறவர் வாசலில் நின்று அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லி, "வீட்டுல ஆளிருக்கா?" என்று கேட்பார். "இருக்கேன்" என்பேன். சந்து முழுக்க அது கேட்கும். கோவண்டியில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், இந்த ஊருக்கு அவருடைய வீடு இதுதான் என்று வருஷத்துக்கு ஒரு தடவை அம்மனே ஆள் அனுப்பிச் சொல்லுகிற மாதிரி இருக்கும். அதற்குமேல் எனக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை.

ஒரு தடவை சங்கத் தலைவரிடம் நானே தனியாக வரி தருகிறேன் என்று கேட்டேன். அவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கணவருக்குப் பெரியப்பா முறை, எனக்கு மாமா. பருப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டே, "புருஷன் கல்லு மாதிரி இருக்கையில பொம்பள கையில வரி வாங்குனா அம்மனுக்கு ஆகாது மருமவளே. அவன் கட்டுதாம்லா, அது ஒனக்கும் சேத்துத்தான்" என்றார். எனக்கு யாரிடமும் இரண்டாவது தடவை கேட்க வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. பள்ளிக்கூடத்தில் தாகம் எடுத்தால்கூட மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

போன தீபாவளி விடுமுறைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். குடும்பம் குடும்பமாக ஒரு நாள் எங்கேயாவது போய்வர வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் நாற்காலியில் இருந்தார்கள். நாங்கள் கோயில் சுவரை ஒட்டிப் பாயில். கடற்கரை வேண்டாம், எப்போதும் அதுதானே என்று பிள்ளைகள் கத்தினார்கள். ஒருத்தி பென்குயின் என்றாள். உடனே எல்லோருக்கும் பென்குயின் வேண்டியிருந்தது.

"அது என்னளா பென்குயினு? கோழி மாதிரியா?" என்று தலைவர் கேட்டார்.

"கோழிதான் அண்ணாச்சி, கோட்டு போட்ட கோழி" என்றார் செயலாளர். முப்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. இங்கேயே பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. "ராணி பாக்ல இருக்கு. செம்பூர்ல நம்ம பஸ்காரன் ஒருத்தன் இருக்கான். புதன்கிழமைன்னா வண்டி சும்மாத்தான் கெடக்கும், சல்லிசாத் தருவான். பக்கா பண்ணிரலாமா?"

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினி என் தொடையைக் கிள்ளினாள். அடுத்த அறைக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. வாய் என்றால் அப்படி ஒரு வாய். "சொல்லேன்ட்டி. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள். பிறகு அவளே எழுந்தாள். "அண்ணாச்சி, ராணி பாக்கப் பத்தி இவகிட்டக் கேளுங்க. தெனமும் போய்க்கிட்டு வந்தவ."

அது உண்மைதான். மகள் பிறப்பதற்கு முன்னால் மூன்று வருஷம் பைக்குளாவில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை செய்தேன். காலையில் சயானில் ரயில் ஏறி ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளை வெளியே தூக்கிக்கொண்டு போனால்தான் சாப்பிடும். தள்ளுவண்டியில் வைத்து அங்கே பக்கத்தில் இருக்கிற ராணி பாக் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போவேன். நீர்யானைக்கு முன்னால் நாலு வாய், மானுக்கு முன்னால் நாலு வாய், பறவைக் கூண்டுக்குப் போவதற்குள் கிண்ணம் காலியாகிவிடும். அப்போது பென்குயின் வந்திருக்கவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் எந்த மரத்தின் கீழே எந்த நேரத்துக்கு நிழல் விழும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். புதன்கிழமை மட்டும் பெரிய பாடு. மூடிய வாசலைப் பார்த்து அந்தப் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு அழும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "புதன்கிழமை மிருகத்துக்கு லீவு மாமா" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் சிரித்ததும் நன்றாகத்தான் இருந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏல, மிருகத்துக்கே வாரம் ஒரு நாள் லீவு உண்டாம். ஒங்க பட்டறையில குடுக்கானாலே?" என்று ஆண்களைப் பார்த்துக் கேட்டார். பட்டறை வைத்திருக்கிறவர்கள் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு கேள்வியெல்லாம் என்னிடம்தான் வந்தது. எத்தனை மணிக்குத் திறப்பார்கள், சாப்பாடு எங்கே சாப்பிடுவது, நடக்க முடியாதவர்கள் எங்கே உட்காரலாம். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சீக்கிரம் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் மிருகங்கள் நிழலுக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிடும் என்றேன். பிளாஸ்டிக் பையை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், அதனால் துணிப்பை கொண்டுவரச் சொல்லுங்கள் என்றேன். ஆண்கள் தலையாட்டினார்கள். இருபது வருஷத்தில் அந்தச் சங்கத்தில் நான் அவ்வளவு பேசியதே இல்லை. முடிவில் தலைவர், "அப்ப பிளானெல்லாம் மருமவ பொறுப்பு. ஆள் பட்டியலும் நீயே எழுதீரு. எனக்குத் தமிழ்ல இருந்தாத்தான் வாசிக்க முடியும். இந்தப் பயலுவளுக்கு நம்ம எழுத்து தெரியாது" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது எனக்குக் கால் தரையில் இல்லை. இப்போது அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

வீட்டில் நான் பார்ப்பது சட்டைக்கு நூல் வெட்டுகிற வேலை. தையல் பட்டறையிலிருந்து மூட்டையாக வரும். தொங்குகிற நூலை வெட்டி, பட்டன் சரிபார்த்து, மடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வாரம் மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு ராணி பாக்கை வரைந்தேன். முதலில் பென்குயின், அங்கேதான் வரிசை நீளும் என்று பக்கத்துப் பட்டறைக்காரி சொல்லியிருந்தாள். பிறகு புலி. பிறகு நீர்யானை. பிள்ளைகள் தொலைந்தால் வந்து சேர வேண்டிய இடம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை. வாசல் பக்கத்தில் இருக்கிற கல் யானையையும் குறித்தேன், எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள் என்று தெரியும்.

மகள் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பாள். "அம்மா, பென்குயினுக்கு ஏசி ரூமாமே? நமக்கு மட்டும் ஒரு ஃபேன், அதுவும் கிர்ர்ருங்குது."

"நீயும் மீனை முழுசா முழுங்கு, ஒனக்கும் ஏசி வைப்பாங்க" என்றேன்.

அவளைத் தனியாகக் கூட்டிப்போயிருக்கலாமே என்று தோன்றலாம். எத்தனையோ தடவை கிளம்பியிருக்கிறோம். மூட்டை வந்துவிடும், அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும், மழை வந்துவிடும். இந்தத் தடவை அவளுக்கு வேண்டியிருந்தது பென்குயின் மட்டுமில்லை. சந்தில் இருக்கிற ஐந்து பெண் பிள்ளைகள் சேர்ந்து பஸ்ஸின் கடைசி சீட்டைப் பிடிப்பதாகப் பேசி வைத்திருந்தார்கள். யார் ஜன்னல் என்றுகூட முடிவாகிவிட்டது. நானும் உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த பஸ்தான் வேண்டியிருந்தது. மற்ற பெண்களோடு புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு தொண்ணூறடி ரோட்டில் நின்று அதில் ஏற வேண்டும் என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டியல் எழுத உட்கார்ந்தேன். நீள நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன். எப்படி எழுதுவது என்று செயலாளர் கேட்டபோது, தலைக்கட்டு வாரியாக எழுதினால் சுலபம் என்று சொன்னது நான்தான். முதலில் ஆண் பெயர். கீழே சின்ன எழுத்தில் வீட்டுக்காரி, பிள்ளைகள். பக்கத்துக் கட்டத்தில் எங்கே இருக்கிறார்கள் என்பது. சிலர் காட்கோபரிலும் சான்பாடாவிலும் இருந்தார்கள், எந்த இடத்தில் பஸ் ஏறுவார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா. பழைய நோட்டு அப்படித்தான் இருக்கும். என் கை அந்த வரிசைக்குப் பழகியிருந்தது.

ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். மதினியின் முறை வந்தபோது செயலாளர், "அத்தைக்கு அரை தலைக்கட்டு, அரை சீட்டு" என்று கிண்டல் செய்தார்.

"போடு மாப்ள, அரை சீட்டே போடு. ஒரு பக்கமா உக்காந்துக்கிடுதேன். மத்தப் பக்கத்த ஒன் மடியில வச்சிக்கிடுதேன், தாங்குவியா?" என்றாள் மதினி. செயலாளர் எழுந்து ஓடுவது போல் நடித்தார். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன்.

வராதவர்கள் போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தார்கள். செயலாளர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். ஐந்தாவதோ ஆறாவதோ, அந்தக் குரல். ஆறு வருஷத்தில் நான் அதைப் பக்கத்தில் கேட்டதில்லை. கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது.

"தம்பி, நம்ம தலைக்கட்டுல நாலு பேரு போட்டுக்கிடு. நான், வீட்ல," என்று அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். "சின்னவன். பெறவு மவ. மவ அங்கன தாராவியில ஏறிக்கிடுவா, நாங்க செம்பூர்லயே ஏறிருதோம்."

செயலாளருக்கு முன்பே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. போனைப் பார்த்துக்கொண்டே, "அரே" என்று மட்டும் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மதினி, "ஆருக்கு ஆரு வீட்ல?" என்றாள். தலைவர் கையைக் காட்டி அவளை அடக்கினார்.

நான் பேனாவை எடுக்கவில்லை. தலைவர் தொண்டையைச் செருமினார். "மருமவளே, ஒரு நாளு டூருதான? இதுல போய் என்னத்தப் பாக்கது. வரி கட்டுத ஆளு. வராதன்னு சொல்ல நமக்கு வாய் இல்லல்லா."

"நான் மாமா?" என்றேன்.

அது வாயை விட்டு வெளியே வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. வந்திருக்க வேண்டும். அவர் பதில் சொன்னார்.

"நீ வராம? நீ இல்லாட்டா அங்கன எங்களுக்கு வழி தெரியுமா? பின்னால சாப்பாட்டுக்கு ஒரு டெம்போ வருதுல்லா, பாத்திரத்தோட அதுல முன்னால உக்காந்து வந்திரு. பஸ்ஸுல தலைக்கட்டுக்கு எண்ணித்தான் சீட்டு. டெம்போவுல ஆரும் கேக்க மாட்டாவ."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்போது அவருக்கு உண்மையாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். அண்டாவுக்கும் கரண்டிக்கும் நடுவில் எனக்கு ஒரு இடம். அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்ல ஐம்பது பேர் இருந்த அந்த இடத்தில் ஒரு வாய் இல்லை, மதினியின் வாயைத் தவிர. அதுவும் அரை வாய்.

கோயில் படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். தோழிகளோடு. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்று சொன்னால் அவளும் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். பிறகு அந்த ஐந்து பேரில் நாலு பேர் கடைசி சீட்டில் போவார்கள்.

எழுதினேன். அவர் பெயரைப் பெரிய எழுத்தில். அதன் கீழே சின்ன எழுத்தில் அந்தப் பெண்ணின் பெயர், அவளுடைய மகன் பெயர், என் மகள் பெயர். பக்கத்துக் கட்டத்தில் கோவண்டி. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "அச்சுல போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

கிளம்பும் நாள் காலையில் நான்கு பெண்கள் சேர்ந்து புளியோதரை கிளறினோம். மாட்டுங்காவிலிருந்து வாழை இலை வந்தது. பொட்டலம் கட்டி டெம்போவில் ஏற்றியாயிற்று. டிரைவர் முன் இருக்கையைத் துடைத்து எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். வரைந்த தாளைச் செயலாளரிடம் கொடுத்தேன். எந்த வாசல், எது முதலில் என்று ஒரு தடவை வாயாலும் சொன்னேன். எனக்கு இடுப்பு வலி, வரவில்லை என்றேன்.

"அக்கா, நீங்க வரலன்னா எப்டி? கூகுள்ல இவ்ளோ டீட்டெயில் இல்லக்கா" என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார். நான் தாளில் கழிப்பறை இருக்கிற இடத்தைத் திருப்பிக் காட்டினேன்.

பஸ் செம்பூரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. ஜன்னலில் அந்தப் பெண்ணை முதல் தடவையாகப் பார்த்தேன். என்னைவிட அழகு என்று சொல்ல முடியாது. என்னைவிடச் சின்னவள் என்றும் சொல்ல முடியாது. மடியில் ஒரு குல்லாப் போட்ட பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். பெரிய கெட்டிக்காரியாக இருப்பாள் என்று ஆறு வருஷமாக நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. அவர் இறங்கவே இல்லை. மகள் ஏறும்போது திரும்பிக் கையசைத்தாள். அவசரமாக, கடைசி சீட்டு போய்விடும் என்ற பயத்தில்.

அன்றைக்கு இரண்டு மூட்டைச் சட்டைக்கு நூல் வெட்டினேன். இப்போது பென்குயினுக்கு முன்னால் நிற்பார்கள், இப்போது புலி, இப்போது நீர்யானை என்று மணியைப் பார்த்துப் பார்த்து நானும் போய்க்கொண்டிருந்தேன். திட்டம் போட்டவள் அல்லவா, எங்கே இருப்பார்கள் என்று தெரியும்.

ஏழு மணிக்கு மகள் வந்தாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். பென்குயின் தண்ணீருக்குள் பறக்கிறது. நீர்யானை வாயைத் திறந்தபோது தலைவர், நம்ம செயலாளர் மாதிரியே இருக்கு என்றாராம். பிறகு, "அவங்க, அந்தக் குட்டிப் பையனோட அம்மா, எனக்கு தண்ணி பாட்டில் தூக்கிட்டு வந்தாங்கம்மா. பேசவே இல்ல. பயப்படுறாங்க" என்றாள்.

"யாருக்கு?"

"எனக்கு."

நான் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

எல்லாம் அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். மே மாதம் கொடை வந்தது. எப்போதும் போல வாசலில் கோலம் போட்டேன், கும்பிடப் போனேன். மறுநாள் காலையில் குளித்து, மகளுக்கும் தலைவாரிவிட்டு, வாசல் பக்கம் இருந்தேன். பிரசாதக் கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் சந்துக்குள் வந்தார்கள். மதினி வீட்டில் நின்றார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பிறகு என் வாசலைத் தாண்டி அந்தப் பக்கத்து வீட்டில் போய் நின்றார்கள். முன்னால் வந்தவர் கையில் என் நீள நோட்டு இருந்தது. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன், சந்தின் கடைசி வரைக்கும் போய்த் திரும்புவார்கள் என்று காத்திருந்தேன். திரும்பும்போது கூடை காலியாக இருந்தது. என்னைப் பார்த்து, "சாப்டாச்சா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது தடவை கேட்க வராத நான், அன்றைக்குக் கடைக்குப் போனேன். காலை வியாபாரம் ஓய்ந்திருந்தது.

"மாமா, எனக்குப் பிரசாதம் வரல."

"வராம இருக்குமா? எல்லாருக்கும் குடுத்தாச்சே." கல்லாவுக்குப் பின்னால் இருந்து நோட்டை எடுத்து விரலை எச்சில் தொட்டுத் திருப்பினார். "இந்தா. கோவண்டி. நேத்து ராத்திரியே அவன் கையோட குடுத்துவிட்டாச்சு. நாலு பேருக்கு."

"எப்பவும் இங்கதான மாமா வரும்."

"பழைய நோட்டு போன மழையில ஊறிப்போச்சு மருமவளே. ஓடு ஒழுகி ஒண்ணும் வாசிக்க முடியல. இது நல்லா தெளிவா இருக்கு, வெலாசத்தோட இருக்குன்னு எல்லாரும் சொன்னாவ. கொடைக்கு இதையே வச்சிக்கிட்டோம்."

"இது டூருக்கு எழுதுனது மாமா."

"இருக்கட்டும். நீ எழுதுனதுதான?"

அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுகிறவர் போலத்தான் கேட்டார். நோட்டை என் பக்கம் திருப்பியும் வைத்தார். என் எழுத்து. பெரிய எழுத்தில் ஒரு பெயர், சின்ன எழுத்தில் மூன்று பெயர். மகள் பெயரில் நான் எப்போதும் போடுகிற சுழி.

"ஆமா" என்றேன்.

அவர் சட்டைப் பையில் பேனா இருந்தது. "பேனாவக் கொஞ்சம் குடுங்க மாமா. எம் பேரையும் எழுதிக்கிடுதேன்" என்றேன்.

அவர் கை தானாகப் பேனாவின் மேல் போய் நின்றது. "சங்கத்து நோட்டுல ஒத்தையில கை வைக்கக் கூடாது. பத்துப் பேரு கூடிப் பேசித்தான் செய்யணும். அடுத்த கூட்டத்துல சொல்லிருதேன். நீ எதையும் மனசுல வச்சிக்கிடாத" என்றார். நோட்டை மூடினார்.

டூருக்கு என் பெயர் இல்லாமல் எழுதியபோது யாரும் கூடிப் பேசவில்லை. அப்போது அது சங்கத்து நோட்டு இல்லை போலிருக்கிறது.

நான் நகராமல் நின்றதைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். எழுந்து போய், கடையில் தொங்கின தாரிலிருந்து இரண்டு பழம் பிய்த்து, ஒரு தேங்காயை உடைத்து ஒரு மூடியை எடுத்து, காகிதத்தில் சுற்றி நீட்டினார். "இந்தா, பிள்ளைக்குக் குடு. எல்லாம் அம்மன் குடுக்கதுதான்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். வீட்டில் மிளகாய் வற்றல் தீர்ந்திருந்தது, அதையும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன்.

சந்துக்குள் நுழையும்போது மதினி வாசலில் உட்கார்ந்து பொங்கலை விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள். "ஏட்டி, ஒனக்கு வந்திச்சா? ஒன் வாசல்ல சத்தமே கேக்கலியேன்னு பாத்தேன்" என்றாள். எதிர் வீட்டுக்காரியும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டு மதினி" என்றேன். "கடையில வச்சே குடுத்துட்டாவ."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, எதற்கு இந்த வெயில் நேரத்தில் கதவைச் சாத்துகிறாய் என்று கேட்டாள். எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. தூசி வருகிறது என்றேன்.